செக் சட்டை, பேங்க் செக், செஸ்ஸில் செக்: எல்லாம் ஒரே வார்த்தையா?

மல்லிகா_டியூஷன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். ஒரு வார்த்தைக்குப் பல அர்த்தம் வருகிற பாடம் நடந்துகொண்டிருக்கிறது. 'செக்' என்று போர்டில் எழுதிவிட்டு, இது எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டதற்குப் பிள்ளைகள் விடாமல் அடுக்கிவிட்டார்கள். பேங்க் செக், கட்டம் போட்ட செக் சட்டை, கணக்கு சரியா என்று செக் பண்ணுவது, பஸ்ஸில் ஏறும் செக்கர், செக் போஸ்ட், ஏர்போர்ட் செக்-இன், டாக்டரிடம் போகும் செக்-அப், செஸ்ஸில் ராஜாவுக்கு வைக்கும் செக். ஓடையில் கட்டியிருக்கும் செக் டேம்கூட வந்தது.

ஒரு பையன் கேட்டான், "இதெல்லாம் ஒரே வார்த்தையா மிஸ், இல்ல வேற வேற வார்த்தைங்க கேக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கா?" என்று. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். டிக்‌ஷனரியில் அர்த்தம் வரிசையாகக் கிடைக்கிறது, ஆனால் சட்டைத் துணிக்கும் கணக்கைச் சரிபார்ப்பதற்கும் ஓடையில் கட்டும் அணைக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எங்கும் இல்லை. பேங்க் செக்குக்கு மட்டும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் கடைசியில் க்யூ வருகிறதே, அப்படியானால் அது தனி வார்த்தையா என்பதும் என் சந்தேகம். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

சொல்வேர்:

ஒரே வார்த்தைதான் மேடம். பிள்ளைகள் அடுக்கிச் சொன்ன அத்தனைக்கும் மூலம் பாரசீகத்தில் ராஜாவைக் குறிக்கும் 'ஷா' என்ற சொல். ஷாஜஹானில் இருக்கும் அதே ஷா. இங்கிலீஷில் இவ்வளவு தூரம் பரவி, இவ்வளவு தெளிவாகத் தடம் பிடிக்க முடிகிற இன்னொரு வார்த்தை எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

ஆட்டம் நம் நாட்டிலிருந்து போனது. யானை, தேர், குதிரை, காலாள் என்று படையின் நாலு அங்கம், அதனால் சதுரங்கம். சுமார் 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்த பிறகு அவர்கள் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆனது, ஏனென்றால் அரபியில் நம் 'ச்ச' ஒலியும் இல்லை, 'ங்' என்று முடிகிற அந்த ஒலியும் இல்லை. பாரசீகத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பது வழக்கம். "ராஜாவைப் பார்த்துக்கோ" என்கிற மாதிரி. அரபுகள் வழியாக ஆட்டம் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போனபோது அந்தக் கூவலும் கூடவே போனது. லத்தீனில் 'ஸ்காக்கஸ்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்', அங்கிருந்து இங்கிலீஷில் 'செக்'. அந்த 'எஸ்செக்'கின் பன்மை 'எஸ்செஸ்'. அதுதான் 'செஸ்' ஆனது. அதாவது ஆட்டத்தின் பெயரே 'செக்'கின் பன்மைதான், ராஜாக்கள் என்று பொருள். இதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

'செக்மேட்' என்பது அரபியில் 'ஷா மாத்'. ராஜா இறந்துவிட்டார் என்று பல புத்தகங்களில் இருக்கும், அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்பதால். வேறு சிலர் பாரசீகத்தில் 'மாத்' என்பதற்குத் திகைத்துப்போன, செய்வதறியாத என்ற பொருள் இருப்பதைக் காட்டுகிறார்கள். ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, நகர இடமில்லாமல் அவர் நிற்கும்போதே ஆட்டம் முடிகிறது.

இனி அர்த்தங்கள். இங்கே இரண்டு வழி பிரிகிறது. இந்த இடத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் குழப்பமாகிவிடும்.

ஒன்று, அந்தக் கூவலிலிருந்து வந்த வழி. செக் வைத்தால் எதிராளி தான் நினைத்த காயை நகர்த்த முடியாது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் 'செக்' என்றால் தடை, நிறுத்தம், கட்டுப்பாடு. உங்கள் செக் டேம் இங்கேதான் வருகிறது, தமிழில் தடுப்பணை என்கிறோம், அதே பொருள். ஜெர்மன்காரர்களும் ஒருவரைக் கட்டுக்குள் வைப்பதை, செஸ்ஸைக் குறிக்கும் 'ஷாஹ்' என்ற சொல்லை வைத்து 'ஷாஹில் பிடித்து வைப்பது' என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சில் 'எஷெக்' என்றால் தோல்வி என்றே பொருள் வந்துவிட்டது. நம் செய்தித்தாள்களில் 'எதிர்க்கட்சிக்கு செக்' என்று தலைப்பு போடுகிறார்களே, அது சதுரங்கப் பலகையிலிருந்து நேரே எடுத்த பொருள்.

தடுப்பது எப்படிச் சரிபார்ப்பது ஆனது? ஒன்றை மேலே போகவிடாமல் நிறுத்தி, சரியா என்று பார்த்து அனுப்புவது. செக் போஸ்ட்டை நினைத்துப் பாருங்கள், வண்டியைத் தடுப்பதும் அங்கேதான், பேப்பரைப் பார்ப்பதும் அங்கேதான். இந்தச் சரிபார்க்கும் பொருள் இங்கிலீஷில் 17ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றுகிறது. இன்று நாம் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான், ஆனால் வரிசையில் இது பின்னால் வந்த பிள்ளை.

இன்னொன்று பலகை வழி. பலகையில் இருக்கும் கட்டங்களைப் பார்த்து, கட்டம் கட்டமாக இருக்கும் எதையும் 'செக்கர்' என்றார்கள், அது சுருங்கி 'செக்'. உங்கள் சட்டை இந்தக் கிளை. கார் பந்தயத்தில் கடைசியில் அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி இந்தக் கிளை. நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்த வாழ்க்கையை 'செக்கர்ட்' என்பதும் இதேதான். பேங்க் செக் இரண்டு வழிக்கும் கால் வைத்து நிற்கும் ஆள், அதை வங்கியில் வேலை பார்த்தவர்கள் யாராவது வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

பையனின் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது. வேறு வேறு வார்த்தைகள் ஒரே மாதிரி கேட்பதும் உண்டு. கிரிக்கெட் மேட்ச்சும் தீக்குச்சிக்குச் சொல்லும் மேட்ச்சும் அப்படி. முதலாவது ஜோடி, இணை என்ற பொருளுள்ள பழைய இங்கிலீஷ் சொல், இரண்டாவது விளக்குத் திரியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். நாய் குரைக்கும் பார்க்குக்கும் மரப்பட்டைக்குச் சொல்லும் பார்க்குக்கும்கூட உறவு கிடையாது. நல்ல டிக்‌ஷனரியில் இப்படிப்பட்டவற்றுக்கு 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனிப் பதிவாக வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கப் பழக்கிவிடுங்கள், அடுத்தடுத்த சொற்களுக்குப் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

பட்டறை_செல்வம்:

நல்ல கேள்வி டீச்சர். சொல்வேர் சார் சொன்ன அந்தத் தடுக்கிற பொருளுக்கு எங்கள் தொழிலில் இருந்து இரண்டு சாமான் சொல்கிறேன், பிள்ளைகள் கையில் எடுத்துக் காட்டலாம்.

செக் நட். சைக்கிள் சக்கரத்தின் அச்சில் பார்த்திருப்பீர்கள். உள்ளே கோன் என்கிற கூம்பு வடிவ நட், அதற்கு வெளியே ஒரு மெல்லிய நட். கோனை அதிகம் இறுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர்த்தினால் ஆட்டம் கொடுக்கும், இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும் ஓட ஓட அது தானாகத் திரும்பிக் கழன்றுவிடும். அதனால் ஒல்லி ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் மேல் செக் நட்டைக் கொண்டுவந்து இறுக்குவோம். இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், எதுவும் நகராது. செக் நட் சக்கரத்தைத் தாங்கவில்லை, பாரம் சுமக்கவில்லை, அதன் ஒரே வேலை கோனை நகரவிடாமல் தடுப்பது. செக் என்றால் என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அப்புறம் செக் வால்வ். போர் மோட்டார் குழாயில் போடுவது. கடையில் என்ஆர்வி (நான் ரிட்டர்ன் வால்வ்) என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், ஆனால் கம்பெனி கேட்டலாக்கில் செக் வால்வ் என்றே இருக்கும். உள்ளே ஒரு தட்டு. தண்ணீர் மேலே வரும்போது திறந்துகொள்ளும், மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நிற்கிற தண்ணீர் பாரத்திலேயே மூடிக்கொள்ளும். தண்ணீர் திரும்பி இறங்கக் கூடாது, அவ்வளவுதான். இதில் சரிபார்க்கிறது எதுவுமே இல்லை, தடுப்பது மட்டும்தான். எங்களிடம் வேலை கற்க வரும் பையன்கள் 'செக் வால்வ் எதைண்ணே செக் பண்ணும்' என்று கேட்பார்கள். சார் சொன்ன வரிசையை இனி அவர்களுக்கும் சொல்லலாம்.

ஓய்வு_கேஷியர்:

சொல்வேர் கூப்பிட்டுவிட்டார், அதனால் வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கிக் கவுன்ட்டரில் இருந்தவன், இந்த விஷயத்தில் எனக்குத் தனி ஆசை உண்டு. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. முதலாம் ஹென்றி காலத்தில் ராஜாவுக்கு வரவேண்டிய வரிப் பணத்தைக் கணக்குப் பார்க்க ஒரு சபை உருவானது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஷெரீஃப் என்று ஒரு அதிகாரி, அவர் வசூலித்த பணத்தோடு வந்து கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர்களிடம் இருந்தது ரோமன் எண். சைபர் கிடையாது, இட மதிப்பு கிடையாது. ரோமன் எண்ணில் எழுதிக் கழித்துப் பாருங்கள், தலை சுற்றிவிடும். அதோடு லத்தீனில் எழுதினால் வந்த ஷெரீஃப்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ஒரு மேசை. ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்று ராஜாவின் பொக்கிஷ அதிகாரி ஒருவர் இருந்தார், 1170களின் கடைசியில் இந்த அலுவலக நடைமுறை முழுவதையும் குரு சிஷ்ய உரையாடலாக லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். காய்கள் உருண்டு விழாமல் நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே விரிக்க ஒரு கறுப்புத் துணி, அதில் ஒரு அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். கோடுகளுக்கு நடுவே ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு. பென்னிக்கு ஒன்று, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று போகும். ஒரு ஷெரீஃப் கட்டவேண்டியது 223 பவுண்டு 8 ஷில்லிங் என்று வையுங்கள். நூறில் 2 காய், இருபதில் 1, பவுண்டில் 3, ஷில்லிங்கில் 8. அவர் கொண்டுவந்தது 210 பவுண்டு என்றால் அதைக் கீழ் வரிசையில் அடுக்கி, மேலும் கீழும் சமமாக எடுத்துக்கொண்டே வர வேண்டியது. கடைசியில் மேலே மிஞ்சுவது 13 பவுண்டு 8 ஷில்லிங், அது பாக்கி. படிக்கத் தெரியாதவரும் எதிரே உட்கார்ந்து கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

கோடு போட்ட துணி, இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் காய்கள். பார்த்தவர்களுக்குச் சதுரங்கப் பலகை ஞாபகம் வந்தது. லத்தீனில் சதுரங்கப் பலகைக்கு 'ஸ்காக்காரியம்'. மேசைக்கு அந்தப் பெயர், பிறகு அந்தச் சபைக்கே அந்தப் பெயர். இங்கிலீஷில் 'எக்ஸ்செக்கர்'. பலகையில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல இங்கே பொக்கிஷ அதிகாரியும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதியிருக்கிறார். பிரிட்டனில் நிதியமைச்சரை இன்றுவரை 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்கிறார்கள். அவர் பதவிப் பெயருக்குள் உட்கார்ந்திருப்பது அந்தக் கோடு போட்ட துணிதான்.

(அந்தச் சபையில் பணம் கட்டியதற்கு ரசீதாக மரக்குச்சியில் வெட்டுக் குறி போட்டு, நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். அந்த வழக்கம் நின்றபிறகு மிஞ்சிக்கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்பில் போட்டு எரித்தபோதுதான் தீப்பிடித்து பிரிட்டிஷ் பாராளுமன்றக் கட்டடத்தில் பெரும்பகுதி எரிந்துபோனது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

சரி, காசோலை. 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் தங்க வியாபாரிகள்தான் வங்கி வேலையும் பார்த்தார்கள். அவர்களுக்கு 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று சீட்டு எழுதும் வழக்கம் அப்போதே உண்டு, ஆனால் அதற்குப் பெயர் செக் இல்லை, 'டிரான் நோட்' என்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்ற சொல் வருகிறது, அதுவும் சீட்டுக்கு அல்ல, அதன் அடிக்கட்டைக்கு. மோசடி நடக்காமல் தடுப்பதற்காகவும் பிறகு ஒத்துப் பார்ப்பதற்காகவும் வைத்துக்கொள்ளும் பகுதி, அதனால் அது செக். பிறகு அடிக்கட்டையோடு சேர்ந்த தாளுக்கும், நாளாவட்டத்தில் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று நாம் செக் என்பது அன்று செக்காக இல்லாத பாதி!

எழுத்துக்கூட்டுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் மற்ற செக் மாதிரியே கே போட்டுத்தான் எழுதினார்கள். எக்ஸ்செக்கர் என்ற பெரிய நிதி அலுவலகத்தின் பெயரில் க்யூ இருக்கிறதல்லவா, பண விஷயம் என்பதால் அதன் சாயலில் இதையும் க்யூ போட்டு எழுத ஆரம்பித்து, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அதுவே நிலைத்தது. அமெரிக்காவில் பழையபடி கே. நம் 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் காலத்தில் வந்தது, அதனால் அதில் க்யூ. செக் திரும்பினால் வழக்குப் போடுகிற 138ஆம் பிரிவு, 1988 திருத்தத்தில் சேர்த்தது, அதிலும் அப்படியே. ஆக எழுத்து வேறு, வார்த்தை ஒன்றுதான்.

பாலைவனத்_தமிழன்:

கேஷியர் ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சந்தேகம். நான் வளைகுடாவில் இருக்கிறேன். இங்கே பலரும் பேங்க் செக் என்பது, பணத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஆவணத்தைக் குறிக்கும் அரபியின் 'ஸக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள், இணையத்திலும் நிறைய இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் ஒன்று. அது தவறா?

ஓய்வு_கேஷியர்:

தம்பி, 'ஸக்' என்ற ஆவணம் இருந்தது உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம். பாக்தாதிலிருந்து ஆண்ட அப்பாசியர் என்ற அரபு மன்னர்கள் காலத்து வியாபாரிகள் பணத்தைச் சுமந்து போகாமல் எழுத்திலேயே கைமாற்றினார்கள். இப்னு ஹவ்கல் என்ற 10ஆம் நூற்றாண்டுப் பயணி, சஹாராவின் தென் ஓரத்தில் அவ்தகுஸ்த் என்ற ஊரில் 42,000 தீனார் கடனுக்கான ஒரு ஸக்கைப் பார்த்ததாக வியந்து எழுதியிருக்கிறார். வங்கித் தொழிலில் ஐரோப்பாவுக்கு வெகு காலம் முன்பே அவர்கள் போய்விட்டார்கள்.

ஆனால் தொழில் முன்பே இருந்தது என்பது வேறு, இந்த இங்கிலீஷ் வார்த்தை அதிலிருந்து வந்தது என்பது வேறு. அரபியிலிருந்து வந்திருந்தால் முதலில் எங்கே தங்கியிருக்க வேண்டும்? மத்தியதரைக் கடல் ஓரம், இத்தாலி, ஸ்பெயின். அங்கேதான் அரபு வியாபாரிகளோடு தினசரிப் பழக்கம். இத்தாலியில் காசோலைக்கு 'அஸென்யோ' என்று சம்பந்தமே இல்லாத சொல். ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் இருக்கும் செக், இங்கிலீஷிலிருந்து பின்னால் இரவல் வாங்கியது. நடுவழியில் எங்கும் தடம் இல்லை. இன்னொரு பக்கம் இங்கிலீஷில் அடிக்கட்டை என்ற பொருள், அப்புறம் தாள் என்ற பொருள் என்று படிப்படியாகக் கிடைக்கிறது. அதனால் 'ஷா' வழியைத்தான் நான் ஏற்கிறேன். அப்போதும் மேற்கு ஆசியாவின் பங்குக்குக் குறைவில்லை, ஷாவைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அரபுகள்தானே.

குமாரபாளையம்_தறி:

சட்டைக் கிளையை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், அதற்காக வந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி.

கட்டம் எப்படி விழுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் டீச்சர், பலகைக்கும் துணிக்கும் ஏன் ஒரே பெயர் என்று உடனே புரியும். பாவில், அதாவது நீளவாட்டு நூலில், மட்டும் நிறம் மாற்றிப் போட்டால் கோடுதான் விழும். குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் அதே கணக்கில் நிறம் மாற்றினால்தான் கட்டம். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடம் அசல் சிவப்பு. சிவப்பும் வெள்ளையும் சந்தித்தால் இளஞ்சிவப்பு. ஆக இரண்டே நிறத்தில் மூன்று சாயல் கட்டம் வந்துவிடும். ஊடையில் நிறம் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் ஒரு நாடா வேண்டும், எத்தனை ஊடைக்கு ஒருமுறை மாற்றுவது என்று எண்ணிக்கொண்டே நெய்ய வேண்டும். எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் கட்டம் சதுரமாக வராது, நீண்டுவிடும். அதை எந்த வியாபாரியும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். கட்டம் போட்ட துணிக்குக் கூலி கூட ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உலகம் முழுக்க 'மெட்ராஸ் செக்' என்றால் தெரியும். நம் கரையிலிருந்து, பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் காலத்திலேயே கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி கப்பல் ஏறியது. நைஜீரியாவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி மக்கள் இந்தத் துணியைத் தங்கள் சடங்குத் துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். நாம் நெய்து அனுப்பிய கட்டத்தில் குறிப்பிட்ட நூல்களை பிளேடால் அறுத்து உருவி எடுத்து, அதில் புதுக்கோலம் வரவைப்பார்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'பெலெட்டே பிட்டே' என்று பெயர். கரீபியன் தீவுகளில் டொமினிகா, செயின்ட் லூசியா பெண்களின் தேசிய உடையிலும் மெட்ராஸ் துணிதான். அமெரிக்காவில் 1960களில் துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று கலக்கும் மெட்ராஸ் சட்டைக்குப் பெரிய மவுசு இருந்தது. சாயம் போவதை இங்கே குறை என்போம், அங்கே அதையே சொல்லி விற்றார்கள்.

சொல்வேர்:

தறிக்கார அண்ணா, இதைப் படித்ததும் ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. போர்ச்சுகீஸில் செஸ்ஸுக்கு 'ஷத்ரேஷ்'. இது ஷா வழியில் வந்தது இல்லை, ஷத்ரஞ்ச் வழியில், அதாவது நம் 'சதுரங்கம்' என்ற சொல்லிலிருந்தே வந்தது. ஆனால் கட்டம் போட்ட துணிக்கும் அவர்கள் சொல்வது 'ஷத்ரேஷ்' தான். வேறு வேரிலிருந்து கிளம்பியும் பலகையிலிருந்து சட்டைக்கு அதே வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேச்சுவழக்கில் ஜெயிலுக்கும் அந்தப் பெயர் உண்டு.

தமிழில் 'கட்டம்' என்பதும் பலகைக்கும் லுங்கிக்கும் ஜாதகத்துக்கும் பொதுவாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

மல்லிகா_டியூஷன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கேஷியர் ஐயா சொன்ன மேசையை வகுப்பில் சாக்பீஸால் தரையில் வரைந்து புளியங்கொட்டை வைத்துச் செய்து காட்டப் போகிறேன். இன்னும் இரண்டு விஷயம் மட்டும். அமெரிக்காவில் ஹோட்டல் பில்லை செக் என்கிறார்களே, அது எப்படி? அப்புறம், செக் குடியரசு என்ற நாடு? அதுவும் இதில் சேருமா என்று நாளைக்குக் கட்டாயம் கேட்பார்கள்.

நியூஜெர்சி_கார்த்தி:

முதல் கேள்விக்கு நான். இங்கே சாப்பிட்டு முடித்ததும் "செக் ப்ளீஸ்" என்றால் பில் வரும். வந்த புதிதில் நம்மவர்கள் காசோலை எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது உண்டு. கேஷியர் ஐயா சொன்ன அடிக்கட்டை அர்த்தத்திலிருந்து போனது இது. ஒத்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளும் துண்டுச் சீட்டு, டோக்கன் எதுவாக இருந்தாலும் அமெரிக்க இங்கிலீஷில் செக் ஆகிவிட்டது. ஹாலுக்குள் போகும்போது கோட்டைக் கொடுத்து டோக்கன் வாங்குவது கோட் செக். ரயிலில் பெட்டியை ஒப்படைத்து வாங்கும் டோக்கன் பேகேஜ் செக், இன்று விமானத்தில் பெட்டியை 'செக்' செய்கிறோம் என்பது அதன் தொடர்ச்சி. 'ரெயின் செக்' என்று ஒன்று உண்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. மழையால் ஆட்டம் நின்றுபோனால் டிக்கெட்டின் அந்தத் துண்டைக் காட்டி இன்னொரு நாள் வரலாம். இப்போது யாராவது சாப்பிடக் கூப்பிட்டு நமக்கு நேரம் இல்லையென்றால் 'ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று அர்த்தம்.

நம் ஊரில் விடைத்தாளில் போடும் டிக், இங்கே செக் மார்க். பிள்ளைகள் அமெரிக்கப் புத்தகம் படித்தால் குழம்பும் இடம், சொல்லிவையுங்கள்.

சொல்வேர்:

செக் குடியரசு சேராது மேடம். அது அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர், அவர்கள் மொழியில் 'செஹ்' என்பதற்குப் பக்கத்தில் வரும். போலிஷ் எழுத்துக்கூட்டு வழியாக இங்கிலீஷுக்கு வந்ததால்தான் எழுத்தில் சி-க்குப் பக்கத்தில் இசட் வந்து பார்க்கவே விசித்திரமாக இருக்கிறது. எண்ணெய் ஆட்டும் செக்கும் சேராது, அது சுத்தத் தமிழ். மேட்ச், பார்க் இரண்டோடு இவற்றையும் சேர்த்து 'உறவில்லாதவை' என்று போர்டில் தனியாக ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். செக்-இன், செக்-அப் இரண்டும் சரிபார்க்கும் பொருளில் வந்தவை, அவற்றைக் கூவல் வழியின் கடைசியில் வைக்கலாம்.